ஒட்ட விடாதவர்

"இன்னும் சித்த மடக்குங்க அம்மணி" என்று அவர் சொல்லும்போது, விருந்துக்கு வந்தவளை இன்னொரு இட்லி வைத்துக்கொள்ளச் சொல்வதுபோல இருக்கும். நாம் விரலை மடக்கமாட்டோம். முடியாது. அப்போது அவருடைய கட்டைவிரல் மெதுவாக வந்து நம் நகத்தின்மேல் உட்காரும். அதற்குப் பிறகு அறையில் கேட்கும் சத்தம் நம்முடையதாகத்தான் இருக்கும். ஆனால் நாம் போட்டதாக நமக்கு நினைவிருக்காது. "ஆச்சுங்க, ஆச்சுங்க. நல்லாக் கத்துங்க. கத்திக்கிட்டே மடக்குங்க." நான் கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். 'ங்க' போடாமல் பேசினால் பெற்றவர்களைக் குறை சொல்லும் ஊர். ஒரு 'ங்க' இப்படி வலிக்கும் என்று அவரிடம் போகும்வரை எனக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. பிசியோதெரபி அறைக் கதவில் பிளாஸ்டிக் எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. கதவுக்கு உள்ளே 'மேடம்'. கதவுக்கு வெளியே, உறவுக்காரர்கள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில், 'இடுக்கி'. கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குகிற அதே இடுக்கிதான். பெயர் வைத்தது ஒரு லாரி டிரைவர் என்பார்கள். யோசித்து வைத்திருக்கிறார். சூடெல்லாம் பாத்திரத்துக்குத்தான், இடுக்கிக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஐம்பதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, வலது மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். விறைத்த கைகளை முக்கி எடுக்க மூலையில் ஒரு மெழுகுத் தொட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வாசனை அவர் உள்ளங்கையிலேயே குடியிருந்தது. ஊரின் கைகளெல்லாம் அந்த அறைக்கு வந்து சேரும். மில்லில் ரோலர் இழுத்த கை, லேத்தில் சிக்கிய கை, பவுண்டரியில் வெந்த கை, கரும்பு ஆலையில் நசுங்கிய கை. எல்லாம் தைக்கப்பட்டு, ஆறி, ஆறியதாலேயே கெட்டுப்போய், அவர் முன்னால் மேசைமேல் கிடக்கும்.

என்னுடையது அவ்வளவு கௌரவமான விபத்து இல்லை. எம்.எஸ்சி. நுண்ணுயிரியல், முதல் வருடம். ரப்பர் கார்க்கின் துளையில் கண்ணாடிக் குழாயைச் செருக வேண்டும். குழாயை நனை, துணி சுற்றிப் பிடி, திருகித் திருகிச் செருகு என்று ஆய்வுக்கூடச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நான் அவசரக்காரி. ஒரே தள்ளு. குழாய் உடைந்து, கார்க்கைப் பிடித்திருந்த இடது உள்ளங்கைக்குள் இறங்கிவிட்டது. நடுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்தன. தைத்தார்கள். தையல் பிடித்துக்கொண்டது. வேண்டாத இடத்திலும் பிடித்துக்கொண்டது.

விரலுக்குள் தசைநாண் என்பது ஒரு குழாய்க்குள் ஓடும் கயிறு. காயம் ஆறும்போது உடம்புக்குக் கயிறு எது, குழாய் எது என்ற பேதம் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பசையாக ஒட்டிவிடும். முன்கையில் தசை இழுக்கும், கயிறும் உயிரோடு இருக்கும், விரல் மட்டும் அசையாது. நான் மடக்கச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. வேறு யாரோ ஒருவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

"டெனோலைசிஸ் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் லைசிஸ் என்றால் கொலை. பாக்டீரியாவின் சுவரை உடைத்து உள்ளே இருப்பதை வெளியே கொட்டவைப்பது. ரத்த அணு வெடித்தால் ஹீமோலைசிஸ். என் நாணை எதற்காக வெடிக்கவைக்க வேண்டும்? டாக்டர் சிரித்துவிட்டு, அறுவை சிகிச்சையில் அந்தச் சொல்லுக்கு விடுவிப்பது என்று பொருள் என்றார். நாணைத் தொடாமல், அதைச் சுற்றி ஒட்டியிருப்பதை மட்டும் அறுத்து எடுப்பது.

அன்று சாயந்திரமே ஒரு கையோடு நூலகத்துக்குப் போனேன். கிரேக்கத்தில் அதன் மூலம் அவிழ்த்தல் என்று இருந்தது. அது ஒரு பெரிய குடும்பம். வடுவில் சிக்கிய நரம்பை விடுவித்தால் நியூரோலைசிஸ். குடலோடு குடல் ஒட்டிக்கொண்டதைப் பிரித்தால் என்டெரோலைசிஸ். கருக்குழாய் என்றால் சால்பிங்கோலைசிஸ். எங்கே எது ஒட்டியிருந்தாலும் சரி, பொதுவாக அடீசியோலைசிஸ். முன்னால் உறுப்பின் பெயர், பின்னால் அதே வால். எனக்கு அந்த வயதில் இப்படி ஒன்று கிடைத்தால் சோறு வேண்டாம். விடுதியில் வார்டன் கண்ணில் படாமல் வெளியே போவதற்கு 'வார்டனோலைசிஸ்' என்று பெயர் வைத்து அறைத் தோழிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

எல்லாப் புத்தகங்களும் கடைசியில் ஒரு வரி சொல்லின. பிரித்த இடம் மறுபடியும் ஒட்டப் பார்க்கும், ஆகையால் உடனே அசைக்கத் தொடங்க வேண்டும். யார் அசைப்பார்கள், எப்படி அசைப்பார்கள் என்று எதிலும் இல்லை. அந்த ஒரு வரிதான் அவர்.

ஆபரேஷன் தியேட்டரிலேயே ஆரம்பித்துவிட்டார். கையை மட்டும் மரத்துப்போக வைத்து, என்னை விழித்திருக்கச் சொல்லியிருந்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் டாக்டர் பிரித்துக்கொண்டிருந்தார். தலைமாட்டில் அவர் நின்றார். ஒட்டு விட்டுவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் நோயாளியே மடக்கிக் காட்ட வேண்டும். "மடக்குங்க அம்மணி" என்றார். மடக்கினேன். மடங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் "அருமை" என்றார். என் கை திறந்து கிடக்கிறது, உள்ளே வெள்ளை நாண் ஓடுகிறது, நான் உயிரியல் படிப்பவள், ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். டாக்டர் திரையை இறக்கக் கை நீட்டினார். மேடம் திரையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க டாக்டர். பாத்தாப் பூரிச்சுப் போயிருவாங்க. நாளைக்கு மடக்கச் சொன்னா இதையே நெனச்சுட்டுப் படுத்திருப்பாங்க." என் கைக்குள் இருந்ததை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வார்டுக்கு வந்தார். தூங்கினீர்களா என்று விசாரித்தார். டிபன் ஆயிற்றா என்று கேட்டார். பிறகு கையைக் கொடுங்கள் என்றார். பக்கத்தில் என் அம்மா இருந்தாள். நான் போட்ட முதல் சத்தத்திலேயே அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பாவங்க, குழந்தைக்கு நோவுது என்றாள். "ஏனுங்கம்மா, அந்த வார்த்தைய வெளிய பெஞ்சுல உக்காந்து சொல்லுங்க. அங்க எவ்வளவு வேணாலும் சொல்லிக்கலாம்" என்றார். அம்மா எழுந்து போனாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருப்பவள், வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையைப் போலப் போனாள். 'பாவம்' என்ற சொல் அவருடைய அறையில் தடை செய்யப்பட்டிருந்தது. அதைச் சொல்லிவிட்டு வெளியேறியவர்களால்தான் அந்த பெஞ்ச் எப்போதும் நிறைந்திருந்தது.

அறையில் ஒரு ரேடியோ இருந்தது. சினிமாப் பாட்டு ஓடும். யாராவது அளவுக்கு மீறிக் கதறினால் அவர் மற்றொரு கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டுவார். மடக்கியிருக்கும் கையை விடமாட்டார். வெளியே இருந்து கேட்பவர்களுக்கு உள்ளே ஏதோ விசேஷம் நடப்பதுபோலத் தோன்றும்.

அவர் டிபன்பாக்ஸ் கதை இன்னும் மோசம். மூடியை இறுக்கிக்கொண்டு வருவார். மதியம் ஆனதும் அன்று யாருடைய கை ரொம்பச் சோம்பேறித்தனம் பண்ணியதோ அவர் முன்னால் வைத்து, "இதைக் கொஞ்சம் தொறந்து குடுங்க கண்ணு, பசிக்குதுங்க" என்பார். ஆறி முடிந்த, பலம் வர வேண்டிய கைகளுக்குத்தான் இந்த மரியாதை. திறக்காவிட்டால் திட்டமாட்டார். சாப்பிடாமல் இருப்பார், அவ்வளவுதான். கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் ஒரு நாள் முழுக்க முயன்றும் திறக்கவில்லை. மேடமும் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு மற்றவர்கள் கைகளை மடக்கிக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக நாங்கள் எல்லோரும் அந்த மனிதரை வெறுக்க ஆரம்பித்தோம். ஒரு பொம்பளையைப் பட்டினி போட்டுவிட்டாயே என்று ஒரு கிழவர் கேட்டேவிட்டார். பட்டறைக்காரர் அழுதுவிட்டார். மறுநாள் மூடி திறந்தது. மேடம் நன்றி சொல்லிவிட்டு, எல்லோருக்கும் எதிரில், பொறுமையாகச் சாப்பிட்டார்.

ஏன் இப்படி இருக்கிறார் என்று பெஞ்சில் பல ஆராய்ச்சிகள் நடந்தன. அவருடைய தம்பி கரும்பு ஆலையில் கையை விட்டானாம், யாரும் அசைக்காததால் அது வீணாகிப்போயிற்றாம். இல்லை, அவருக்கே ஒரு கை ஒட்டிப்போய் இருந்ததாம். புருஷன் கொடுமைக்காரனாம். எனக்குக் காரணங்கள் பிடிக்கும். ஒவ்வொன்றாக விசாரித்தேன். தம்பியே கிடையாது. இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. புருஷன் கூட்டுறவு பேங்கில் குமாஸ்தா, சாயந்திரம் வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போவார், ஹாரன்கூட அடிக்கமாட்டார். காரணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் சொன்னால் இரண்டு நிமிஷம் மடக்காமல் இருக்கலாமே என்ற நப்பாசையும் உண்டு. "தெரிஞ்சு என்னுங்க பண்ணப்போறீங்க, மடக்குங்க" என்பதுதான் வழக்கமான பதில். ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் சொன்னார். எப்போது கனம் தூக்கலாம், எப்போது எதையாவது பிடித்து இழுக்கலாம் என்று கேட்டிருந்தேன். "இப்பத் தானா மடக்கறது மட்டுந்தானுங்க. எதுத்து இழுக்கறதெல்லாம் பொறவு. இப்ப உள்ள இருக்கறது நனைஞ்ச நூலாட்ட இருக்கும். இழுத்தா அறுந்துபோயிரும்." இதை அவர் சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் மயிலாத்தாளும் இருந்தாள்.

மயிலாத்தாள் பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு ஊர். கொப்பரைக் களத்தில் வேலை. களத்தில் தேங்காயை அரிவாளால் வெட்டிப் பிளப்பது ஆண்கள், பருப்பை நோண்டி எடுப்பது பெண்கள் என்பது வழக்கம். இவள் வெட்டுகிறவள். ஒரே வெட்டு, இரண்டு முறி, தண்ணீர்கூட மேலே தெறிக்காது என்று அவள் புருஷன் பழனிச்சாமி பெருமையாகச் சொல்வார். அவர் அதே களத்தில் காய வைப்பவர். ஒரு நாள் நாரில் சிக்கிய அரிவாளை உருவும்போது பிடி நழுவி, வலது கை அலகின்மேல் ஓடிவிட்டது. ஆள்காட்டிவிரல், நடுவிரல் இரண்டிலும் நாண் போயிற்று. தைத்த பிறகு விரல்கள் குச்சியாக நின்றுவிட்டன. களத்துக்காரர் அவள் இடத்தில் வேறு ஆள் வைக்காமல் இருந்தார். ஆனால் தை மாதம் வெட்டு ஆரம்பிக்கும்போது அவள் அரிவாளைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பிடிக்க முடியாவிட்டால் நோண்டுகிற பெண்களோடும் உட்கார முடியாது. அதற்கும் விரல்தானே வேண்டும்.

எப்படி இவ்வளவு ஒட்டிப்போயிற்று என்று மேடம் விசாரித்தார். பழனிச்சாமி ஆர்வமாக முன்னால் வந்தார். தைத்துவிட்டு வீட்டுக்குப் போன நாளிலிருந்து, துண்டை எடுத்து அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். சோறு ஊட்டியது அவர், தலை வாரியது அவர். ஒரு டம்ளரைக்கூட எடுக்கவிடவில்லை. தைத்த டாக்டர் அசைக்கச் சொல்லியிருந்தார்தான், ஆனால் இவர் அவளுக்கு நோகிறதே என்று விட்டுவிட்டாராம். மேடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்லாப் பாத்துக்கிட்டீங்கண்ணா. நீங்க பாத்துக்கிட்டதைத்தான் இப்ப டாக்டர் அறுத்து எடுக்கப்போறாருங்க" என்றார்.

மயிலாத்தாளுக்கு அறுவை நன்றாக நடந்தது. வார்டில் அவளுக்கு என் பக்கத்துக் கட்டில். நான் கத்துவேன், அவள் கத்தமாட்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். சனிக்கிழமை அவளுடைய இரண்டு விரல்நுனிகளும் உள்ளங்கையைத் தொடப் புளியங்கொட்டை அளவுதான் மிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது பாராட்டு. ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன், மணிக்கொரு தரம் நீங்களே மடக்கிக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கை வீங்கியிருந்தது. லேசாகக் காய்ச்சலும் இருந்தது. பழனிச்சாமி வார்டு வாசலை ஒரு தடவை பார்த்தார். "இன்னிக்கு அந்தப் பொம்பள இல்ல புள்ள. பொட்டாட்டம் படு" என்று தோளில் இருந்த துண்டை எடுத்தார். பழையபடி நெஞ்சோடு சேர்த்து, ஒரு குழந்தையைத் தூளியில் போடுவதுபோலக் கட்டினார். நர்ஸ் வந்தபோது போர்வையை இழுத்துவிட்டார். மயிலாத்தாள் பகல் முழுவதும் தூங்கினாள். அறுவைக்குப் பிறகு அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். பழனிச்சாமி விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை விரல்கள் மறுபடியும் நின்றுவிட்டன. முழுவதும் இல்லை, பாதி. மேடம், துண்டின் முடிச்சு மணிக்கட்டில் பதித்திருந்த தடத்தைத் தடவிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். குரல் இன்னும் இனிமையாகிவிட்டது.

"அண்ணனை உள்ள வரச் சொல்லுங்க."

பழனிச்சாமி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். மேடம் அவரை மயிலாத்தாளுக்கு எதிரே உட்காரவைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"கல்யாணத்துல சுண்டுவெரல் கோத்துட்டு மணவறையச் சுத்துனீங்கல்லங்க? அதே மாதிரி இந்த ஆள்காட்டி வெரலுக்குள்ள உங்க வெரலக் கோத்துக்குங்க. அக்கா மடக்குவாங்க. நீங்க உங்க பக்கம் இழுங்க."

பழனிச்சாமி முழித்தார். எனக்கு அந்த நனைந்த நூல் நினைவு வந்துவிட்டது. "மேடம், எதுத்து இழுக்கறது இப்ப இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"நீங்க உங்க வெரலப் பாருங்க அம்மணி."

பழனிச்சாமி விரலைக் கோத்தார். மெதுவாக, பூவைப் பறிப்பதுபோல இழுத்தார். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்கா இவ்வளவு நேரம்? நான் இழுத்தாக் கொடுமைக்காரி. நீங்க இழுத்தா ஆசையா இருக்கும்ல. நல்லா இழுங்க. அக்கா, உடாதீங்க, மடக்குங்க." மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டு மடக்கினாள். அவள் பலமெல்லாம் சேர்த்து மடக்கினாள் என்பது கழுத்தில் தெரிந்தது. அவரும் அழுதுகொண்டே இழுத்தார்.

சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மயிலாத்தாளுக்குக் கேட்டிருக்கிறது. "அறுந்துருச்சுங்க" என்றாள், யாரிடமோ நேரம் சொல்வதுபோல. பழனிச்சாமியின் விரலிலிருந்து அவள் விரல் நீண்டு வழுக்கி வெளியே வந்தது. ரேடியோவில் பாட்டு முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் எழுந்து அதை அணைத்தார். அந்த அறையில் ரேடியோவை அணைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

டாக்டர் வந்தார், விரலைப் பார்த்தார், முகம் மாறியது. யார் இழுத்தது என்று கேட்டார்.

"நாந்தானுங்க சாமி" என்றார் பழனிச்சாமி.

டாக்டர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம கட்டிப்போட்டிருக்காருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. டாக்டர் பழனிச்சாமியைத் திட்டித் தீர்த்தார். நான் வாயைத் திறந்து, மேடம்தான் இழுக்கச் சொன்னார் என்றேன். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பழனிச்சாமிகூட, இல்லீங்க, நாந்தான் இழுத்தேன் என்று எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

வேறொரு நாணை எடுத்து வைக்கலாம், இரண்டு அறுவை வேண்டும், ஒரு வருஷம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். மயிலாத்தாள் வேண்டாம் என்றுவிட்டாள். தை வந்துவிடும். "இது இப்பிடியே கெடக்கட்டுமுங்க. நடுவெரல் இருக்குதல்லங்க" என்றாள். மறுநாள் காலையில் மேடம் வார்டுக்கு வந்தார். தூங்கினீர்களா என்று அவளிடம் விசாரித்தார். பிறகு நடுவிரலைப் பிடித்தார். மயிலாத்தாள் அன்று முதல்முறையாகத் திட்ட வாயைத் திறந்தாள். அவருடைய அப்பன், ஆத்தாள், குலம், சுடுகாடு ஒன்றையும் விடவில்லை. மரியாதை எல்லாம் போய்விட்டது. அவர் 'ங்க'வை விடவில்லை. "திட்டுங்க. மடக்கிட்டுத் திட்டுங்க" என்றார்.

பழனிச்சாமியை அதற்குப் பிறகு யாரும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஊட்டமாட்டார். அவள் வலது கையாலேயே, விரல் நீட்டிக்கொண்டு நிற்க, பாதிச் சோறு மடியில் விழச் சாப்பிடுவாள். ஒரு தடவை அவள் தண்ணீர் டம்ளரை எட்டி எடுக்க முடியாமல் தவித்தபோது அவர் கை தானாக முன்னால் போனது. பாதியில் நிறுத்தி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நானும் மயிலாத்தாளும் வார்டிலிருந்து போன பிறகும் அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தோம். நான் டவுன் பஸ்ஸில், அவர்கள் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து உக்கடத்தில் இறங்கி. என் விரல்கள் மடங்கிவிட்டன. இந்தக் கையால் இன்று எதையும் செய்கிறேன். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பார்கள். நன்றி என்று எண்ணத் தொடங்கினால் நகத்தின்மேல் அந்தக் கட்டைவிரல் வந்து உட்கார்ந்துவிடும்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் மயிலாத்தாள் செய்தித்தாளில் சுற்றி அரிவாளைக் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவரச் சொன்னது மேடம்தான். மேசைக்கு அடியில் தேங்காய்களும் ஒரு மரக்கட்டையும் இருந்தன. நான் மெழுகில் கையை முக்கி வைத்துக்கொண்டு மூலையில் இருந்தேன். மயிலாத்தாள் அரிவாளைப் பிடித்தாள். மூன்று விரல்கள் பிடியைச் சுற்றிக்கொண்டன. ஆள்காட்டிவிரல் மட்டும் பிடியின்மேல் நீளமாகக் கிடந்தது. அவர் பிடியில் துணி சுற்றி, கனத்தைச் சரிபார்த்து, அவள் கட்டைவிரலை ஒரு இடத்தில் வைத்து அழுத்தினார்.

"அன்னைக்கு அவரு இழுக்கல. நீங்க இழுக்க வெச்சீங்க" என்றாள் மயிலாத்தாள்.

"ஆமாங்க."

"இழுத்தா அறுந்துபோயிரும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பிறகு அவள் குரல் இறங்கியது.

"அப்ப அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க மேடம். மனுசன் சோறு திங்கறதில்ல. என்னைத் தொடறதுக்கே பயப்படறாரு."

மேடம் துணியின் முடிச்சை இறுக்கினார். "சொல்லிப்போடலாமுங்க. சொன்னா நாளைக்கே துண்டை எடுத்துட்டு வந்துருவாரு. நீங்க ஒருக்கா நோவுதுன்னு சொன்னாப் போதும், கட்டிப்போட்டு ஊட்டிவிட்டுருவாரு. மிச்சம் இருக்கறது நடுவெரல் ஒண்ணு. அதும் ஒட்டிப்போனா இந்த அருவாளை எதுல புடிப்பீங்க? வேணும்னா நீங்களே சொல்லுங்க. வெளியதான உக்காந்திருக்காரு." கட்டையின்மேல் ஒரு தேங்காயை எடுத்துவைத்தார். "இப்ப வெட்டுங்க."

மயிலாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள் அவள் கையில் இருந்தது, அவர் கை தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. நான் மெழுகுக்குள் விரல்களை இறுக்கிக்கொண்டேன். வெட்டினாள். இரண்டு முறி, தண்ணீர் மேசையில் ஓடியது. அவர் அடுத்த காயை எடுத்துவைத்தார்.

நான் மெழுகை உரித்துப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே வெளியே வந்தேன். அவள் சொல்வதைக் கேட்க வேண்டும் எனக்கு. பழனிச்சாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார்.

"களத்துக்குப் போலாங்கறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அரிவாள் இருந்த பையை வாங்க அவர் கை நீண்டது. இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை, பையின் காதைத் தொட்டேவிட்டது. மயிலாத்தாள் அவர் கையைப் பார்த்தாள். அன்று நடந்ததைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உதடுகூட அசைந்தது.

"உடுங்க. நானே எடுத்துக்கறேன்" என்றாள்.

நடுவிரலை மடக்கிப் பையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பழனிச்சாமி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார்.